டொக்டருக்கு வருத்தம் வந்தால் யாரிடம் போவது?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், இங்கிலாந்தில் உளமருத்துவ நிபுணராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. இறுதியில் சபையோர் கேட்ட கேள்விகள் சிலவும் சேர்க்கப்பட்டுள்ளன.)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "பழைய நினைவுகள் ஏதும் சொல்லுங்கோ" என்றார். விடுதிச் சாப்பாடு, காலைப் பிரார்த்தனை மணி, வலைப்பந்தாட்டம், இல்ல விளையாட்டுப் போட்டி ஆகியவற்றை என்னைவிடச் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நான் முப்பது வருடம் பார்த்த வேலையிலிருந்து ஒரு விடயத்தைச் சொல்கிறேன் என்றேன். தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியின் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி அக்கா, ஆனால் மெல்லமாய்ச் சொல்லுங்கோ" என்றார்.

மெல்லமாகவே சொல்கிறேன். மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் மதுவுக்கோ மருந்துக்கோ போதைப்பொருளுக்கோ அகப்பட்டுக்கொண்டால் அவர்கள் எங்கே போகலாம், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் விடயம்.

இந்தச் சபைக்கு இது பொருந்துமா என்று சிலர் யோசிக்கக்கூடும். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்த 19ஆம் நூற்றாண்டிலிருந்தே டொக்டர் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் வைத்தியராக இருப்பவர்கள், வைத்தியரைக் கட்டியவர்கள், வைத்தியரைப் பெற்றவர்கள், பேரப்பிள்ளையை உயர்தரம் உயிரியல் பிரிவில் விட்டுவிட்டு விரதம் பிடிப்பவர்கள் எல்லோரும் கையை உயர்த்தினால், உயராத கை எத்தனை இருக்கும்? அந்த மரியாதையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே மரியாதைதான் வருத்தம் வந்த டொக்டரின் வாயைப் பூட்டி வைக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரை எங்களில் மருத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். சத்திரசிகிச்சையில் இறப்பர் கையுறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். இன்றைக்கு நிபுணத்துவப் பயிற்சி நடக்கும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1884இல் கொக்கெயின் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று வியன்னாவில் கார்ல் கொல்லர் காட்டிய பிறகு, நியூயோர்க்கில் ஹால்ஸ்ரெட்டும் அவருடைய சகாக்களும் அந்த மருந்தைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிப் பரிசோதித்தார்கள். நரம்பை மரக்கச் செய்யும் முறை கிடைத்தது. கூடவே பழக்கமும் பிடித்தது. 1886இல் அவரை ஒரு வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி கொக்கெயினுக்கு மாற்றாக மோர்பீன் கொடுத்தார்கள். பிறகு வில்லியம் வெல்ச் என்ற நண்பர் அவரை பால்ரிமோருக்குக் கூட்டிப்போய் வேலை செய்ய இடம் கொடுத்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் முதலாவது சத்திரசிகிச்சைத் தலைவர் ஆனார். 1922இல் இறந்தார். அவர் மோர்பீனை விடவில்லை என்பது, சக வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் எழுதிப் பூட்டி வைத்திருந்த குறிப்பு 1969இல் திறக்கப்பட்டபோதுதான் வெளியே வந்தது.

இந்தக் கதையில் ஹால்ஸ்ரெட்டின் கெட்டித்தனத்தைவிட எனக்கு முக்கியமாய்ப் படுவது அந்தப் பூட்டு. சுற்றியிருந்தவர்கள் அவரில் அன்பு வைத்திருந்தார்கள், தெரிந்தும் மறைத்தார்கள். மறைத்ததால் அவருடைய தொழில் தப்பியது. வருத்தம் அப்படியே இருந்தது. எங்கள் வீடுகளில் நடப்பதும் அநேகமாக இதுதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு வைத்தியர் இருக்கிறார். ஏ.ஏ. என்று உலகெங்கும் அறியப்பட்ட குடிநோயாளர் குழுக்களைத் தொடங்கிய இருவரில் ஒருவர், ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் இருந்த பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். மருத்துவ மாணவராக இருந்தபோதே குடியால் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு வேறொன்றுக்குப் போக வேண்டி வந்தவர். பல வருடம் பகலில் வைத்தியமும் இரவில் குடியுமாக இருந்தார். 1935 ஜூன் 10ஆம் திகதி கடைசியாகக் குடித்தார். அந்தத் திகதியையே அந்த இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அவருக்குக் கைகொடுத்தவர் ஒரு பேராசிரியர் இல்லை. தானும் குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒரு பங்குச் சந்தைக்காரர்.

சரி, படித்த பிள்ளைகள் ஏன் இதற்குள் போகிறார்கள்? "தெரிந்துகொண்டே செய்கிறார்களே" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. தெரிந்திருப்பதே ஒரு ஆபத்து என்பதுதான் என் அனுபவம். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணித்தியாலம் என்று கணக்குத் தெரிந்தவருக்குத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அடுத்தது, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்பவரின் மேசையில் பெந்தனிலும் புரொபோபோலும் தினமும் இருக்கின்றன. நோயாளிக்கு ஏற்றிய பிறகு குப்பியில் மிஞ்சும் சொட்டுக்கள் கூட ஒரு மனிதரை விழுத்தப் போதும். மூன்றாவது நித்திரை. தொடர்ந்து இரவு வேலை பார்த்துவிட்டு, பகலில் நித்திரை வராமல் ஒரு குளிசை, பிறகு விழித்திருக்க இன்னொரு குளிசை. அநேகமான கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. உல்லாசத்துக்காகத் தொடங்கியவர்களை நான் குறைவாகவே கண்டேன்.

ஒரு கதை சொல்கிறேன். இது ஒருவருடைய கதை அல்ல. பலருடையதைச் சேர்த்து, அடையாளம் தெரியாமல் மாற்றிக் கட்டியது. இளம் வைத்தியர், பெண், இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு நாரி நோ. கோடீன் கலந்த குளிசை எடுத்தார். நோ குறைந்தது. அத்தோடு அன்றைய நாளின் பாரமும் கொஞ்சம் குறைந்ததாய் உணர்ந்தார். நோ போன பிறகும் குளிசை நின்றது. மாமியாரின் பெயரில் ஒரு மருந்துச் சீட்டு, கணவரின் பெயரில் ஒன்று, தெரிந்த நண்பி எழுதிக் கொடுத்தது ஒன்று. வேலையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான் முதலில் தெரிந்தது: சின்னக் காரியத்துக்கும் எரிச்சல், குளியலறைக் கதவு நெடுநேரம் பூட்டு, விருந்துக்குப் போவதில்லை. வேலை இடத்தில் கடைசியாகத்தான் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர்களுக்கு வீடு முதலில் சரியும், பிறகு நட்பு, பிறகு பணம், ஆஸ்பத்திரி வேலையை எப்படியாவது கடைசிவரை இழுத்துப் பிடிப்பார்கள். ஆகவே "வேலைக்கு ஒழுங்காய்ப் போகிறார்தானே" என்று நீங்கள் ஆறுதல் அடைய முடியாது.

அவருக்கு உதவி வந்தது மருந்துக்கடையிலிருந்து. அங்கே இருந்த மருந்தாளர் ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "டொக்டர், இந்தச் சீட்டுக்களைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். திட்டவில்லை, உடனே முறையிடவும் இல்லை. வைத்தியர்களுக்கென்று இருக்கும் ஒரு சேவையின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா மூன்று நாள் அந்தக் கடதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்து, நான்காம் நாள் கார் தரிப்பிடத்தில் இருந்து அழைத்தார். நோய் விடுப்பு, மேற்பார்வையில் மருந்து நிறுத்தம், வாராந்தக் குழு, பிறகு வேலைக்குத் திரும்பியபோது சில காலம் வலிநிவாரணி மருந்துகள் எழுதுவதில்லை என்ற நிபந்தனை. கடினமான ஒரு வருடம்.

அந்தச் சேவை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு லண்டனில் டக்ஷா எம்சன் என்ற இளம் உளமருத்துவர், குழந்தை பிறந்த பின் வந்த கடும் மனநோயில் கைக்குழந்தையோடு இறந்துபோனார். அது போதைப் பாவனை சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் 2003இல் வெளியான விசாரணை அறிக்கை, வைத்தியருக்கு நோய் வந்தால் வெட்கமும் பயமும் அவரை எப்படிச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கின்றன என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2008இல் லண்டனில் கிளெயர் ஜெராடா என்ற குடும்ப வைத்தியரின் தலைமையில் வைத்தியர்களுக்கும் பல் வைத்தியர்களுக்கும் ஒரு தனிச் சேவை தொடங்கியது. 2019இலிருந்து இங்கிலாந்து முழுவதுமுள்ள வைத்தியர்களுக்கு அது கிடைக்கிறது. இன்று அதன் பெயர் பிறக்ரிஷனர் ஹெல்த். மனச்சோர்வு, பதகளிப்பு, குடி, மருந்துப் பாவனை எதுவானாலும் தானாகவே அழைத்துப் பதியலாம். வேலை செய்யும் வைத்தியசாலைக்குத் தெரிய வேண்டியதில்லை. பதிவேடுகள் வேறாக வைக்கப்படுகின்றன.

வேறாக என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தண்டிக்கும் இடமும் சிகிச்சை தரும் இடமும் ஒன்றாக இருந்தால் எவரும் நேரத்துக்கு வரமாட்டார்கள். பிடிபட்ட பிறகே வருவார்கள். பிடிபட்ட பிறகு விசாரணை தருகிற அழுத்தம் என்னவென்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரித்தானியாவில் வைத்தியர்களைப் பதிவு செய்கிற பொது மருத்துவப் பேரவையே 2014இல் வெளியிட்டது: 2005 முதல் 2013 வரை, அதன் விசாரணையில் இருந்த வைத்தியர்களில் 28 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்திருந்தார்கள், அல்லது அப்படி என்று ஐயம் இருந்தது. பலருக்கு மனநோயோ போதைப் பாவனையோ இருந்தது. விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் உயிர் எங்கள் கையில் இருக்கிறது. நடுங்குகிற கையை மேற்பார்வை இல்லாமல் விட முடியாது. அதற்கு முன்னால் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வாசல் முன்னமே திறந்தது. 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் நோயுற்ற வைத்தியரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு அநேகமாக எல்லா மாநிலங்களிலும் வைத்தியர் நலத் திட்டங்கள் உருவாயின. அங்கே முறை கண்டிப்பானது. முதலில் தீவிர சிகிச்சை, பிறகு வழமையாக ஐந்து வருட உடன்படிக்கை, முன்னறிவித்தல் இல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை, குழுக் கூட்டங்கள், வேலையிடத்தில் கண்காணிப்பு. உடன்பாட்டை மீறினால் மருத்துவச் சபைக்கு அறிவிப்பார்கள்.

16 மாநிலங்களில் இப்படிச் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2008இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. பாதிப் பேருக்கு மதுதான் முதல் பிரச்சினை. மூன்றிலொரு பங்கினருக்கு அபின் வகை மருந்துகள். ஐந்து வருட முடிவில், விபரம் கிடைத்த 802 பேரில் 631 பேர் அனுமதிப்பத்திரத்தோடு வேலையில் இருந்தார்கள். 87 பேரின் அனுமதி பறிக்கப்பட்டது. 30 பேர் இறந்திருந்தார்கள். சிகிச்சையை முடித்து மேற்பார்வையில் வேலைக்குத் திரும்பிய 647 பேரில் 126 பேருக்கு மட்டுமே அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது பரிசோதனையில் பாவனை பிடிபட்டது.

நான் இந்த எண்களை எத்தனையோ குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன். "எல்லாம் முடிந்தது" என்று வந்து உட்காரும் தாய் தகப்பனுக்கு, பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள் என்பது புதுச் செய்தி. வேறு நோயாளர்களோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல பலன். காரணம் வைத்தியர்கள் நல்லவர்கள் என்பதல்ல. ஐந்து வருடம் ஒருவர் கூடவே நின்றார். இழப்பதற்கு ஒரு தொழில் இருந்தது. எல்லா நோயாளருக்கும் ஐந்து வருடம் கூடவே நின்றால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்தத் திட்டங்கள்மீது குறைகளும் இருக்கின்றன. செலவு பெரும்பாலும் வைத்தியரின் தலையில்; விரும்பியோ விரும்பாமலோ கையொப்பமிட வேண்டிய நிலை; தீர்ப்பு பிழை என்றால் முறையிட இடமில்லை என்கிற முறைப்பாடு. நியாயமான குறைகள்தான். எனக்கு இங்கிலாந்து முறை மனதுக்குப் பிடித்தது. ஆனால் அமெரிக்கர்களின் நீண்ட காலக் கண்காணிப்பு உயிர்களைக் காத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நான் இன்றைக்கு வந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

உங்கள் கணவரோ மகளோ மருமகனோ குடிக்கிறார், வைத்தியர் என்று வையுங்கள். பல வீடுகளில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கி, "இன்றோடு சரி" என்று நிறுத்துவார்கள். நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, பிறகு வலிப்பு, சித்தப் பிரமை வரலாம். உயிரே போகலாம். மதுவை வைத்திய மேற்பார்வையில், அதற்குரிய மருந்தும் தயமின் என்கிற விற்றமினும் கொடுத்து நிறுத்த வேண்டும். அறையில் பூட்டி வைத்து நிறுத்துகிற வேலை வேண்டாம். அவர் தானே வைத்தியராயிற்றே, தானே பார்த்துக்கொள்வார் என்றும் விட வேண்டாம்.

மோர்பீன், பெதிடின், பெந்தனில், ட்ரமடோல் போன்றவற்றில் ஆபத்து வேறு விதம். சில கிழமைகள் விட்டிருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு ஒரு கவலையான இரவில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வீட்டுக்குத் திரும்பிய முதல் சில கிழமைகள்தான் கூடிய கவனம் தேவைப்படுகிற காலம். "சிகிச்சை முடிந்துவிட்டதே" என்று எல்லோரும் மூச்சு விடுகிற காலமும் அதுதான்.

பேசும்போது, அவர் குடித்திருக்கும் நேரத்தில் பேச வேண்டாம். காலையில், தெளிவாக இருக்கும்போது, கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "போன கிழமை இரண்டு தரம் பிள்ளையை ஏற்ற மறந்துவிட்டீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது." குடிகாரன், அடிமை என்ற சொற்களை விடுங்கள். நீரிழிவு வந்தவரை நாங்கள் சீனிக்கு அடிமை என்று சொல்வதில்லை. அவருக்காகப் பொய் சொல்லி வைத்தியசாலைக்கு "காய்ச்சல்" என்று அறிவிப்பதை நிறுத்துங்கள். ஆனால் அழைக்க வேண்டிய இலக்கத்தை நீங்களே தேடி வைத்திருந்து, "நான் பக்கத்தில் இருக்கிறேன், இப்போதே எடுங்கோ" என்று சொல்லுங்கள்.

சக வைத்தியராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எப்போதும் மேலதிக வேலைக்குத் தானாகவே முன்வருகிறார், தேநீர் இடைவேளைக்கும் சத்திரசிகிச்சை அறையை விட்டு வெளியேறுவதில்லை, வெயிலிலும் நீளக் கைச்சட்டை, அவருடைய நோயாளிகள் மட்டும் சத்திரசிகிச்சை முடிந்து வலியால் துடிக்கிறார்கள், ஆனால் பதிவேட்டில் மருந்து முழுதாய் ஏற்றியதாக இருக்கிறது. இவற்றைச் சேர்த்துக் கண்டால் பேசாமல் இருக்காதீர்கள். நட்புக்காக வழியில் நின்று மருந்து எழுதிக் கொடுப்பதையும் விடுங்கள். வைத்தியருக்கும் குடும்பத்துக்கு வெளியே தனக்கென்று ஒரு குடும்ப வைத்தியர் வேண்டும்.

உலகெங்கும் இருக்கும் எங்கள் மாணவிகளுக்காக, வாசல்கள் எங்கே என்று சொல்லி வைக்கிறேன். இங்கிலாந்தில் நான் சொன்ன சேவை. அதோடு மீண்டுவந்த வைத்தியர்களே நடத்தும் பிரித்தானிய வைத்தியர் பல்வைத்தியர் குழு. கனடாவில் ஒன்ராறியோ மருத்துவச் சங்கத்தின் வைத்தியர் நலத் திட்டம். மருத்துவ மாணவர்களும் போகலாம். அவுஸ்திரேலியாவில் மாநிலந்தோறும் வைத்தியர் நலச் சேவைகள். விக்ரோறியாவில் இருப்பது மாணவர்களையும் சேர்த்தே பார்க்கிறது. சிகிச்சைக்குப் போனால் உடனே அறிவித்துவிடுவார்கள் என்று அங்கே பலர் பயந்தார்கள். 2020இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. அமெரிக்காவில் அந்தந்த மாநிலத்து வைத்தியர் நலத் திட்டம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம். கொழும்பில் சுமித்ரயோவின் மெல் மெதுர போதைப் பாவனைக்கென்றே இருக்கிறது. தான் வேலை செய்கிற வைத்தியசாலையின் கிளினிக்கில் வரிசையில் நிற்க முடியாது என்பவரின் கூச்சம் எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் கண்டியில் ஒரு உளமருத்துவரைப் பார்க்கலாம், மட்டக்களப்பில் இருப்பவர் கொழும்பில் பார்க்கலாம். பஸ் காசுதான் செலவு.

இனி உங்கள் கேள்விகள்.

கேள்வி: மருத்துவ பீடத்தில் படிக்கிற பிள்ளைகள் சோதனைக்கு விழித்திருக்கக் குளிசை எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

பதில்: கவனக்குறைவு நோய்க்குக் கொடுக்கிற மெதில்பெனிடேற் போன்ற மருந்துகள்தான் அநேகமாக இப்படிக் கைமாறுகின்றன. விழிப்பு கூடும், பாடம் கூடுமென்று சொல்ல முடியாது. நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, பிறகு நித்திரைக்கு வேறு குளிசை என்று போகும். நோய் என்பதற்காக மட்டும் ஒரு மாணவரை வெளியேற்றுவதில்லை என்பது பிரித்தானிய மருத்துவப் பீடங்களுக்கான வழிகாட்டலில் எழுத்திலேயே இருக்கிறது. பிரச்சினை வருவது மறைத்துப் பொய் சொல்லும்போது. மாணவப் பருவத்தில் தானாக வந்து சொன்ன பிள்ளைக்கு எத்தனையோ வழி இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் வைத்துப் பிடிபட்ட வைத்தியருக்கு வழிகள் குறைவு. விரிவுரையாளரிடம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் பல்கலைக்கழக உளவளத்துணையாளரிடமோ வெளி வைத்தியரிடமோ முதலில் போகட்டும்.

கேள்வி: கலியாணம் பேசும்போது இதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் யார் கட்டுவார்கள்?

பதில்: (சபையில் சிரிப்பு) எல்லோரும் கேட்க நினைத்ததைத் தங்கச்சி கேட்டுவிட்டார். தரகருக்கும் பெரியம்மாமாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கட்டப்போகிறவருக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் அந்தப் பிள்ளையேதான், தாய் தகப்பன் அல்ல. மறைத்துக் கட்டிவைத்தால், மறைப்பதே ஒரு வேலையாகி, அந்தப் பாரத்தில் திரும்ப விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கலியாணம் கட்டினால் திருந்திவிடுவான் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சிகிச்சை எடுத்து, ஒன்றிரண்டு வருடம் நிலைத்து நின்ற பிறகு பேசலாம். தெரிந்தே கட்டி நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: (எழுத்தில், பெயரில்லாமல் தரப்பட்டது) என் மகன் வைத்தியன். அவன் ஒத்துக்கொள்கிறான் இல்லை. அவனுக்குத் தெரியாமல் நான் அந்த இலக்கத்தை அழைக்கலாமா? பெயர் கேட்பார்களா?

பதில்: அழைக்கலாம். பெயர் சொல்லாமலே, "ஒரு வைத்தியரின் தாய் கதைக்கிறேன்" என்று தொடங்குங்கள். மகனுடைய பெயரையும் வைத்தியசாலையையும் அன்றைக்கே சொல்ல வேண்டிய தேவை இல்லை. என்ன எடுக்கிறார், எவ்வளவு காலம், இப்போது வலிப்போ மயக்கமோ வந்திருக்கிறதா, உயிரை விடுகிற எண்ணம் பற்றி ஏதும் பேசினாரா என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். உயிர் பற்றிப் பேசியிருந்தால் நாளை வரை பொறுக்காதீர்கள், தனியே விடாதீர்கள், பக்கத்து வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அப்படி இல்லையென்றால் முதலில் உங்களுக்காகவே கதையுங்கள்; நீங்கள் நித்திரை கொண்டு எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். மகன் வராவிட்டாலும் தாய் போகலாம், தாய் போன பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இந்தத் துண்டை எழுதியவர், விழா முடிந்ததும் என்னோடு கதைக்க விரும்பினால், நான் விஞ்ஞானகூடப் பக்கத்து வாங்கில் நாலரை மணிவரை இருப்பேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் பழைய படங்கள் பார்க்கத்தான் வருகிறார்கள்.